முன்னால் வந்து பேசுகிறவர்கள்

எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு மெசேஜ் சர்வர் வேண்டும் என்று முடிவானதற்குக் காரணம் ரோஜாப்பூக்கள். பாமாயில் தரும் எங்கள் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் காலைச் செய்திகள் எல்லாம் அதுவரை ஒரு கைபேசிக் குழுவில்தான் விழுந்துகொண்டிருந்தன. அதே குழுவில்தான் ரோஜாப்பூவோடு காலை வணக்கமும், முருகன் படமும், எங்கள் சபைக்காரர் ஒருவர் தவறாமல் போடும் பைபிள் வசனமும் விழும். ஒரு நாள் செலண்டார் தோட்டத்தில் மழைக்குச் சின்னப் பாலம் ஒன்று போய், பழ லாரி உள்ளே மாட்டிக்கொண்டது. அந்தச் செய்தி ரோஜாக்களுக்கு அடியில் போய்ப் புதைந்துவிட்டது. ஜெனரல் மேனேஜர் அதைச் சாயங்காலம்தான் பார்த்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மலாக்கா டவுனில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டாலும் நான்தான், இன்டர்நெட் போனாலும் நான்தான்.

"மேடம், மெசேஜ் தனியா, மீட்டிங் தனியா வேணாம். எல்லாம் ஒரே இடத்துல, நம்ம கையில இருக்கணும். பூ போட முடியாத மாதிரி செஞ்சி குடுங்க," என்றார்.

பூ போட முடியாத சர்வர் என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஆனாலும் சரி என்றேன். எனக்கு அந்த வேலையில் ஆசை இருந்தது. வருஷக்கணக்கில் அடுத்தவர் செய்து வைத்ததைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, முதல் தடவையாக ஒன்றை அடியிலிருந்து எழுப்பும் வாய்ப்பு.

பழைய பைல்கள் கிடந்த அறையைக் காலி செய்து, ஏர்கோன் போட்டு, சர்வரை அங்கே நிறுத்தினேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்தான். பொருத்துவது பெரிய கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் தோட்டங்களுக்கு லைன் கொண்டுபோவதில். செம்பனை மரங்களுக்கு நடுவில் சிக்னல் போகாது. செலண்டாரில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆன்டெனா கட்டினோம். எங்கள் இன்னொரு தோட்டமான கோலா சுங்கை பாருவில் கடற்காற்றில் கம்பியெல்லாம் துருப் பிடித்தது. எங்கும் லைன் ஒல்லிதான். அதில் எழுத்து ஓடும், குரல் ஓடும், படம் மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கும்.

மெசேஜ் பகுதி முதலில் ஓடத் தொடங்கியது. அங்கேதான் செலண்டார் பெரிய கிராணியை நான் சரியாகத் தெரிந்துகொண்டேன். தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அறுபதைத் தாண்டியவர். ஓய்வு வயதுக்குப் பிறகு கம்பெனி அவரை வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் நீட்டித்துக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்தில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. போன் செய்தால் எடுக்க மாட்டார். ஆபீசில் இருக்கும் சின்னப் பெண்தான் எடுத்து, "பெரியவரு பிஸி, நான் சொல்லிர்றேன்," என்பாள். பெரிய கர்வக்காரர் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

அந்த மனிதர் புதிய சர்வரில் வந்து இறங்கியதும் ஆளே மாறிப்போனார். மற்றவர்கள் பாதித் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து உயிரை எடுத்துக்கொண்டிருக்க, தமிழ்ப்பள்ளியில் படித்த இவர் சுத்தமான தமிழ் எழுத்தில் பதில் போட்டார். கேள்வி வந்து விழுவதற்குள் பதில் வரும். "மூணாவது டிவிசன் ரோடு சேறு. லோரி ஏறாது. பழத்தை டிராக்டரில் இறக்குகிறேன். கவலை வேண்டாம்." இதில் கிண்டலும் உண்டு. கோலா சுங்கை பாரு கிராணி, மழை வருமா என்று பொதுக் குழுவில் கேட்டதற்கு, "கடல் உங்க பக்கம்தானே இருக்கு, எட்டிப் பாருங்களேன்," என்று எழுதினார். பிறகு எல்லாரும் அவரைப் பார்த்துத் தமிழில் அடிக்கப் பழகினார்கள். ஜெனரல் மேனேஜர் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அவருக்கான செய்தியை மட்டும் மலாயில் எழுதிவிட்டு, தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டார்கள். அந்தக் குழு கலகலப்பாக இருந்தது. அதற்கு முக்கால் காரணம் செலண்டார் கிராணி. நான் மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்து மீட்டிங்.

தோட்டத்தில் விடியும்போது பெரட்டு என்று ஒன்று உண்டு. ஆட்கள் ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். பேர் கூப்பிட்டு, யார் எந்த மர நிரைக்குப் போவது என்று வேலை பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும்தான். ஆனால் பெரட்டு மாறவில்லை. மேலே இருக்கிறவர் பேசும்போது கீழே இருக்கிறவர் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும் என்ற பழக்கமும் மாறவில்லை. பெரட்டு முடிந்ததும் எல்லாத் தோட்டத்து ஆபீஸ் ஆட்களோடும் ஆன்லைனில் ஒரு கூட்டம் என்று ஜெனரல் மேனேஜர் ஏற்பாடு செய்தார்.

முதல் நாள் எல்லாரும் கேமராவுக்கு முன்னால் தலை வாரி, பொட்டு வைத்து, பவுடர் பூசி உட்கார்ந்திருந்தார்கள். திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் முகங்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெனரல் மேனேஜரின் முகம் திரையில் வந்தது. "வணக்கம்" என்றார்.

அவ்வளவுதான். எல்லாத் தோட்டங்களிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

முகங்கள் காணாமல் போயின. கட்டத்துக்குக் கட்டம் வயிறுகள். பெல்ட்டுக்கு மேலே வழியும் வயிறு, சட்டைப் பொத்தான் திறந்த வயிறு, பாஜு குரோங் என்ற மலாய் அங்கி போட்ட வயிறு, கோலா சுங்கை பாருவில் கைகட்டிய வயிறு. "உட்காருங்க, உட்காருங்க," என்று நான் கத்தினேன். சிலர் உட்கார்ந்தார்கள், அவர் மறுபடி பேச ஆரம்பித்ததும் எழுந்துவிட்டார்கள். வேண்டுமென்று செய்ததில்லை. உடம்பு பழகிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெனரல் மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வயித்தப் பாக்கவா நான் மீட்டிங் வெச்சேன்?" என்றார், கூட்டம் முடிந்ததும். அதோடு சில தோட்டங்களின் படம் வேறு அவ்வப்போது உறைந்துபோய் நின்றது. நான் யோசிக்காமல் சொன்னேன்: "கேமராவ அடைச்சிருவோம் சார். குரல் மட்டும் போதும். லைனும் நிம்மதியா இருக்கும்." அவருக்கும் சரியாகப் பட்டது. சர்வரிலேயே படத்தை முழுக்க நிறுத்தினேன். அடுத்த நாள் கூட்டம் வெண்ணெய் மாதிரி ஓடியது. நின்றுகொண்டு கேட்டார்களா, படுத்துக்கொண்டு கேட்டார்களா, யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் சந்தோஷம். கோலா சுங்கை பாருவிலிருந்து ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதினாள்: "தேங்ஸ்லா அக்கா, இனிமே பவுடர் மிச்சம்."

அதற்குப் பிறகுதான் செலண்டார் கிராணி கெட்டுப்போனார்.

எழுத்தில் புலி மாதிரி இருந்தவர், கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு தரம் கூப்பிட்ட பிறகு ஏதாவது சொல்வார். சொல்வதும் கேள்விக்குப் பொருந்தாது. "லோரி ஏத்துற ரேம்ப்ல பழம் ஏன் அழுகிப்போற வரைக்கும் கெடந்துச்சு?" என்று ஜெனரல் மேனேஜர் கேட்க, இவர் "ஆமா சார், எல்லாம் ஓகே சார்," என்றார். "என்ன ஓகே?" என்று கேட்டதற்கு "செஞ்சிர்றேன் சார்," என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு அவரிடமிருந்து எனக்குச் செய்திகள் வரத் தொடங்கின. மைக் சரியில்லை. ஸ்பீக்கர் சரியில்லை. லைன் இல்லை. நான் இங்கிருந்தே சோதித்துப் பார்ப்பேன், எல்லாம் நன்றாக இருக்கும். ஸ்பீக்கரை மாற்றி அனுப்பினேன். அதுவும் சரியில்லை என்றார்.

ஜெனரல் மேனேஜர் ஒரு நாள் என் அறை வாசலில் நின்று சொன்னார். "செலண்டார் பெரியவரோட கான்ட்ராக்ட் இந்த வருஷத்தோட முடியுது. இனி நீட்டிக்க வேணாம்னு பாக்குறேன். ஒன்னு, ஆளுக்கு வெளங்கல. இல்ல, நம்மள வெச்சி வெளையாடுறாரு. நீங்க ஒரு தடவ போய் லைன்ல ஏதாச்சும் பிரச்சினையான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. லைன் நல்லா இருந்தா, அவ்வளோதான்."

லைன் நன்றாகத்தான் இருந்தது. அது எனக்குப் போகும்போதே தெரியும். நாம் கட்டியதைக் குறை சொல்கிறாரே என்று எரிச்சலோடுதான் வண்டியை எடுத்தேன். கிளேபாங்கில் என் வீட்டைத் தாண்டி இளநீர் ஷேக் கடைகளுக்கு வரும் வெளியூர்க் கார்கள் அன்று காலையிலேயே ரோட்டை அடைத்திருந்தன. அதுவும் சேர்ந்துகொண்டது. செலண்டாருக்குப் போய்ச் சேரும்போது என் வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் மிச்சமில்லை.

ஆபீசில் நான் கண்டது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. பெரிய கிராணி தன் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். வெளியிலிருந்து டிரைவர் வருகிறார். கதவிலிருந்தே "லோரி வந்துருச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். போகவில்லை. உள்ளே வந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கு நேர் முன்னால் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, பிறகுதான் சொல்கிறார். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மாவும் அப்படியே. வெளிக்காட்டு வேலையைப் பார்க்கும் கண்டக்டர், நல்ல ஆறடி ஆள், அவரும் அப்படியே சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகளின் குடும்பம். தோட்டத்து ஆட்கள் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்கிற வரைக்கும் பேசாமல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். சின்ன வயதிலேயே அதைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு மனிதர், அதுவும் ஆன்லைனில் அவ்வளவு நல்லவராகப் பேசும் மனிதர், இன்னும் எல்லாரையும் முன்னால் நிறுத்தி வைத்துப் பேசுகிறார். நீட்டிக்க வேண்டாம் என்று ஜெனரல் மேனேஜர் சொன்னது நியாயம்தான் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

அவர் எழுந்து, "வாங்கம்மா, பசியாறிட்டீங்களா?" என்றார். ஆயிற்று என்று சொல்லிவிட்டு, அவருடைய மேசைக்கு அடியில் புகுந்தேன். வயர்கள் அங்கேதான் இருந்தன. அவர் மறுபடி உட்கார்ந்து எதையோ எழுதத் தொடங்கினார். நான் அவர் கண்ணில் படாமல் தரையில்.

"அண்ணே, அந்த சுவிட்ச அடைங்க," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சுவிட்ச்."

எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்தில் குரலை உயர்த்தி, "காது கேக்குதா இல்லையா உங்களுக்கு?" என்றேன்.

கடைசி மேசையிலிருந்த சின்னப் பெண் எழுந்து ஓடி வந்தாள். என்னைத் தாண்டி, மேசையைச் சுற்றி, அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் நிமிர்ந்தார். "பெரியவரே, மேடம் சுவிட்ச அடைக்கச் சொல்றாங்க," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. வாயைத் திறந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. அவர் உடனே கை நீட்டிச் சுவிட்சை அடைத்தார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தேன். டிரைவர், தேத்தண்ணி அம்மா, ஆறடி கண்டக்டர் எல்லாரும் மறுபடி ஒருமுறை என் கண் முன்னால் மேசையைச் சுற்றி வந்தார்கள். கும்பிடு என்று நினைத்து நான் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது கும்பிடே இல்லை. யாரும் எழுதி வைக்காத ஓர் ஒழுங்கு. அந்தத் தோட்டம் முழுவதும் அந்த மனிதரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது. மேசைக்கு அடியிலேயே துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

கார் நிறுத்தும் கொட்டகையில் நின்று அவரிடம் பேசினேன். முன்னால் நின்றுதான்.

"ஒரு காது காய்ச்சல்ல போனது, அது பழைய கதம்மா. இன்னொன்னு இப்ப கொஞ்சம் கொஞ்சமா போயிக்கிட்டு இருக்கு," என்றார். "மெஷின் இருக்கு. போட்டா பேன் சத்தமும் லோரி சத்தமும்தான் கேக்குது. மனுசன் பேசுறது கேக்கல. வாயப் பாத்தே சமாளிச்சிருவேன். மூஞ்சி தெரிஞ்சா போதும்."

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா என்ன செய்வாங்க? பெரட்டுக்கு நிக்கிற கிராணிக்குக் காது இல்லேன்னா வீட்டுக்குப் போங்கன்னுதான் சொல்வாங்க. வீடு எங்க இருக்கு? கம்பெனி குடுத்த கோட்டர்ஸ் வீடுதான் எங்க வீடு. எங்க வீட்டம்மாவுக்குக் கால் முடியாது, படுக்கையிலதான். வேல போனா வீடும் போயிரும். இந்த வயசுல அவங்களத் தூக்கிக்கிட்டு எங்கம்மா போவேன்?"

அவரே தொடர்ந்தார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

"மொத நாளு மீட்டிங் எவ்வளோ நல்லா இருந்துச்சு தெரியுங்களா? சார் பேசுனது ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சிச்சு. போன்ல பேச முடியாத ஆளு நான், டவுன்ல இருக்கிறவர் பேசுறத இங்கேருந்து புரிஞ்சிக்கிட்டேன். வீட்ல போய் அவங்ககிட்டகூட சொன்னேன். அப்புறம் ஏம்மா கேமராவ அடைச்சீங்க?"

லைனுக்காக என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "சார்கிட்ட சொல்லிராதீங்கம்மா," என்றார்.

திரும்பி வந்து முதலில் செய்தது, பேச்சைத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் வசதியைச் சோதித்ததுதான். எங்கள் ஆட்கள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, மலாயில் திரும்பி, ஆங்கிலத்தில் பிரேக் போட்டு, லா என்று முடிப்பார்கள். இயந்திரம் அரண்டுபோய் என்னென்னவோ எழுதியது. அது ஆகாது. பிறகு சர்வரின் அமைப்புகளைத் துழாவினேன். அப்போதுதான் ஒரு வழி தெரிந்தது. எல்லாருடைய படத்தையும் எல்லாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அந்த நேரத்தில் யார் பேசுகிறாரோ அவர் முகத்தை மட்டும் அனுப்பலாம். ஒரே ஒரு முகம், பெரிதாக. அதற்கு எங்கள் ஒல்லி லைன் தாராளமாகப் போதும். இதை நான் முதல் நாளே தேடியிருக்கலாம். அடைப்பது சுலபமாக இருந்தது, அடைத்துவிட்டேன்.

ஜெனரல் மேனேஜரிடம் லைன் நன்றாக இல்லை என்றேன். அது பொய். சரிசெய்துவிட்டேன், இனிப் பேசுகிறவர் முகம் தெரியும் என்றேன். அது உண்மை. "மொகம் எதுக்கு?" என்றார். மொகம் தெரியாவிட்டால் ஆட்கள் பசியாறிக்கொண்டே கேட்கிறார்கள் என்றேன். ஒப்புக்கொண்டார். பொதுக் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டேன்: "பேசும்போது தயவுசெய்து உட்கார்ந்து பேசவும். நின்றால் வயிறுதான் தெரியும்."

செலண்டார் கிராணி உயிர் பெற்றார். கேள்விக்குப் பதில் வந்தது. ஒரு நாள் ஜெனரல் மேனேஜரே சிரிக்கிற மாதிரி ஒரு பதிலும் வந்தது. எனக்கு, ஒரு கப்பலையே கரை சேர்த்துவிட்ட நினைப்பு.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஜெனரல் மேனேஜருக்குப் பெரிய கப் ஒன்று உண்டு. கோப்பி குடிக்கிறாரோ இல்லையோ, யோசிக்கும்போது அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வார்.

அன்று கூட்டத்தில் எல்லாத் தோட்டத்து லாரிகளும் மறுநாள் எண்ணெய் ஆலைக்கு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆலையில் ஏதோ பழுதுவேலை, நேரம் தவறினால் பழம் திரும்பி வந்துவிடும். செலண்டார் முறை வந்தது. கப் மேலே போனது. கப்புக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது. பதில் இல்லை. மறுபடி கேட்டார், கப்பை இறக்காமலே. பதில் இல்லை. "பெரியவரே, கான்ட்ராக்ட் முடியுறதுக்கு முன்னாடியே லீவுல போயிட்டீங்களா?" என்றார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்து விழுந்தது. செலண்டார் கிராணி எழுதியது. "அம்மா, சார் கப்பால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார். ஒன்றும் தெரியவில்லை. காது எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. என்ன கேட்கிறார் என்று எழுதுங்கள்."

எனக்கு எழுதியதுதான். ஆனால் பதற்றத்தில் என் தனிப்பெட்டியில் போடாமல், கூட்டத்தின் பொதுப் பெட்டியில் போட்டுவிட்டார். எல்லாத் தோட்டத்துத் திரையிலும் அது தெரிந்தது. அழிக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. கையை மவுசுக்குக் கொண்டுபோனேன். அதற்குள் அதன் கீழே எழுத்து ஓடத் தொடங்கிவிட்டது. "நாளைக்கு லோரி எப்ப வரும்னு கேக்குறாரு அண்ணே" என்று கோலா சுங்கை பாரு. "மில்லுல ரிப்பேர், காலையிலயே வரணுமாம்" என்று இன்னொரு தோட்டம். "லோரி நேரம் அண்ணே, லோரி" என்று பவுடர் மிச்சம் பிடித்த பெண். எல்லாம் தமிழில், ஒன்றன் மேல் ஒன்றாக. இவர்களுக்கு முன்பே தெரியுமா, அன்றுதான் தெரிந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஜெனரல் மேனேஜர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "என்ன இது, எல்லாரும் டைப் பண்றீங்க? மேடம், எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

நான் வாயைத் திறந்தேன். நான் பேசப்போவதால் சர்வர் என் முகத்தை எல்லாருக்கும் அனுப்பியது. நான் செய்து வைத்த வேலை அது, ஒழுங்காகச் செய்தது. "அது வந்து சார்..." என்றேன். நல்ல பொய் ஒன்று வேண்டும். லைன் பிரச்சினை என்று சொல்லலாம். எத்தனையோ முறை எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்தான். ஆனால் நாக்கு எழவில்லை. அத்தனை தோட்டத்துக்கும் என் முழிப்பு தெரிந்துகொண்டிருந்தது.

என் முகம் போயிற்று. செலண்டார் கிராணி திரையில் வந்தார். என் வாயைத்தான் பார்த்திருக்கிறார், என் முகத்தையும் சேர்த்துப் படித்திருக்கிறார்.

"படிங்கம்மா," என்றார். "பரவால்ல. நான் எழுதுனத அப்படியே படிங்க."

படித்தேன். முழுவதும் படித்து முடித்தேன். அதன் கீழே மற்றவர்கள் எழுதியதையும் படித்தேன்.

ஜெனரல் மேனேஜர் கையிலிருந்த கப்பைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரைக்கு வெளியே எங்கோ வைத்தார். நாற்காலியை இழுத்து கேமராவுக்குக் கிட்ட வந்தார். முகம் திரை முழுவதும் நிறைந்தது.

"பெரியவரே, இப்ப தெரியுதா?"

"தெரியுது சார்."

"நாளைக்கு லோரி எப்ப வரும்?"

"விடிஞ்சதும் கெளம்பிரும் சார். மில்லு தொறக்கும்போது நம்ம லோரிதான் மொத நிக்கும்."

"சரி," என்றார். அடுத்த தோட்டத்துக்குப் போனார். அந்தக் கூட்டம் முழுவதும் கேமராவை விட்டு அவர் நகரவில்லை.

பிறகு என் அறைக்கு வந்தார். "உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா." "சொல்லியிருந்தா என்ன சார் செஞ்சிருப்பீங்க?" "தெரியல," என்றார். உண்மையைச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அந்த வருஷக் கடைசியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார். கோட்டர்ஸ் வீடு அவர்களிடமே இருந்தது. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது எங்கள் எல்லாருடைய வேலைக்கும் பொருந்தும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மழையில் இடி விழுந்து செலண்டார் மோடம் எரிந்துபோனது. புதியதைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பெரிய கிராணி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் கதவைத் தாண்டி, மேசையைச் சுற்றிக்கொண்டு, அவருக்கு நேர் முன்னால் போய் நின்றேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போயிற்று. பின்னால் அந்தச் சின்னப் பெண் சிரிப்பது கேட்டது.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"ஒக்காருங்கம்மா," என்றார். "நின்னா வயிறுதான் தெரியும்."